கடல் கடந்த உத்தியோகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தக் கிராமத்துக்குச் சென்றாலும், "மலாயாப் பென்சனியர்" வீடு என்று முதியோர் சுட்டிக்காட்டும் ஒரு வீடேனும் அங்கே இருக்கும். அகன்ற விறாந்தையும், உயர்ந்த தூண்களும், பொலிவான மரவேலைப்பாடும் கொண்ட வீடுகள் அவை. சில இன்றும் பேரப்பிள்ளைகளின் சிரிப்பொலியால் நிறைந்திருக்கின்றன. சில பூட்டிக் கிடக்கின்றன. வேறு சிலவற்றைப் போர் தின்றுவிட்டது. ஒரு காலத்தில் அந்த வீடுகளின் அடுப்பை எரியச் செய்தது, மாதந்தோறும் கடல் கடந்து வந்த காசுக்கட்டளையாகும். தபாற்காரனின் மிதிவண்டி மணியோசைக்காகப் படலையடியிற் காத்து நின்ற தாய்மாரின் கதைகளைக் கேட்டு வளராத யாழ்ப்பாணத்தவர் மிகச் சிலரே.

கடலையே கண்டறியாத விவசாயக் குடும்பத்துப் பையனொருவன், மொழியும் உணவும் காலநிலையும் வேறான ஒரு நாட்டில் எவ்வாறு வேலை தேடிக்கொண்டான்? அவனுக்கு வேலையைப் பெற்றுக்கொடுத்தது படிப்பா, அதிர்ஷ்டமா, அல்லது வேறேதேனுமா? தம் பிள்ளைகளைத் தூரதேசங்களுக்கு அனுப்பிவிட்டு அவர்களின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் இன்றைய குடும்பங்களுக்கு இக்கேள்வி பழங்கதையன்று. ஆதலினால், அண்மையில் மலேசியாவுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வரை, நம்மவர் உழைத்த பழைய இரும்புப் பாதையை ஒட்டியே பயணஞ் செய்வதென்று தீர்மானித்தோம்.

வெள்ளீயமும் இரும்புப் பாதையும்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டவேர்த்தில் இன்று புகையிரதம் ஏறுபவர்களுக்குப் புகையைக் காணும் பாக்கியம் இல்லை. மின்சாரத்தால் ஓடும் வண்டி அது. வழியிலே நெல்வயல்களும், செம்பனைத் தோட்டங்களும், மழை மேகம் கவிந்த மலைத்தொடரும் மாறி மாறி வருகின்றன. முதலில் நாம் இறங்கியது தைப்பிங் என்னும் ஊரில். மலேசியாவிலே மழை மிகுந்த நகரங்களுள் இதுவும் ஒன்று. நாம் இறங்கிய வேளையிலும் வானம் தன் வழக்கத்தை மறந்துவிடவில்லை.

தைப்பிங் என்பதற்கு நீடித்த அமைதி என்பது பொருள். அப்பெயர் எளிதில் வந்ததன்று. லாருட் என்ற இப்பிரதேசத்தின் வெள்ளீயச் சுரங்கங்களுக்காகச் சீனக் குழுவினர் தம்முட் கடுஞ்சண்டையிட்டனர். 1874ஆம் ஆண்டின் பாங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னரே பேராக் மாநிலத்தில் ஆங்கிலேயரின் செல்வாக்கு வேரூன்றி, சண்டையும் ஓய்ந்தது. சுரங்கத்தில் எடுத்த வெள்ளீயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சேறும் காடும் நிறைந்த நிலத்தில் மாட்டுவண்டி போதாது. ஆகவே, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் என்னும் கடற்கரைத் துறைவரை ஏறக்குறைய எட்டு மைல் நீளமான இரும்புப் பாதை அமைக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி திறக்கப்பட்ட அதுவே மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதையாகும்.

அப்பாதையை அமைக்க உழைத்தவர்கள் யார் என்பதை இலங்கை வாசகர்கள் அறிந்து வைத்திருத்தல் நன்று. இலங்கைப் பயனியர் படையைச் சேர்ந்த தொழிலாளர் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, அக்காட்டிலே மண் சுமந்தனர்; தண்டவாளமும் இட்டனர். உத்தியோகத்தர் பின்னர் வந்தவர்கள். மண்வெட்டி பிடித்தவர்களே முன்னர் வந்தவர்கள். நம்மூர்ப் பெருமைக் கதைகளில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

போர்ட் வெல்ட் துறை இன்று கோலா செபெத்தாங் என்ற பெயருடன் மீன்பிடிக் கிராமமாக விளங்குகிறது. சுற்றிலும் கண்டற் காடு. கரி சுடும் சூளைகளின் வாசனை காற்றிலே கலந்து வருகிறது. தண்டவாளம் இல்லை, நிலையக் கட்டிடமும் இல்லை. ஆயினும் கடைகளுக்கு நடுவே பழைய நிலையத்தின் பெயர்ப் பலகை மாத்திரம் எஞ்சி நிற்கிறது. ஆங்கிலம், மலாய் மக்கள் அக்காலத்தில் எழுதிய ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அவ்வூரின் பெயர் அதிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. தூரதேசத்துக் கடற்கரையொன்றிலே தமிழெழுத்தைக் கண்டு சற்று நேரம் பேச்சற்று நின்றோம். அதை எழுதச் சொன்னவர் யாரென்பது நமக்குத் தெரியாது. ஆனால் அதை வாசித்து இறங்கியவர்கள் ஏராளம் என்பதில் ஐயமில்லை.

இரும்புப் பாதையறியாத ஊரிலிருந்து

இங்கே ஒரு விந்தையைக் கூறவேண்டும். தைப்பிங்கில் வண்டி ஓடத் தொடங்கிய 1885ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் புகையிரதமே கிடையாது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை முதல் வண்டி ஓடியது 1902ஆம் ஆண்டில். யாழ்ப்பாணம் கொழும்புடன் இணைந்தது 1905ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் மலாயா சென்ற இளைஞருள் பலர், தாம் வேலை செய்யப்போகும் வண்டியைக் கண்ணாலே கண்டதுமில்லை. அத்தகையோரே நிலைய அதிபர்களாகவும், தந்தி உத்தியோகத்தர்களாகவும், கணக்கு லிகிதர்களாகவும், நில அளவை உதவியாளர்களாகவும், வைத்தியசாலை மருந்தாளர்களாகவும் அந்நாடெங்கும் பரவினர்.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பாடசாலை. அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே உயர்கல்விச் சாலையொன்றை நிறுவினர். பிற மிஷன்களும், பின்னர் சைவப் பெரியோரும் கல்லூரிகளை அமைத்தனர். தோட்டத்துக்கு நீர் இறைத்த கையோடு ஆங்கிலப் புத்தகத்தை எடுக்கும் வழக்கம் குடாநாட்டிலே பரவியது. நிலமோ சிறிது, பிள்ளைகளோ பலர், கற்ற ஆங்கிலத்துக்கு ஏற்ற உத்தியோகம் உள்ளூரிலே போதவில்லை.

இரண்டாவது, அங்கே ஏற்பட்ட தேவை. புதிதாகத் தோன்றிய அரசாங்க இலாகாக்களுக்கு ஆங்கிலம் எழுதக் கூடியவர்கள் உடனடியாக வேண்டியிருந்தது. மலாய் மாநிலங்களிலே ஆங்கிலப் பாடசாலைகள் அப்போதுதான் முளைவிட்டிருந்தன. மூன்றாவது, அறிமுகம். மலாயாவில் பெரும் பதவி வகித்த ஆங்கிலேயர் சிலர் முன்னர் இலங்கையிலே பணியாற்றியவர்கள். பேராக்கின் முதலாவது ஆங்கிலேய றெசிடென்டான பேர்ச், இலங்கைச் சேவையிலிருந்து சென்றவர். 1901ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் புகையிரதப் பொது முகாமையாளரான ஸ்பூனர் என்ற பொறியியலாளரும் இலங்கையில் வேலை பார்த்தவரே. தமக்குப் பழக்கமான நாட்டின் பழக்கமான உத்தியோகத்தரை அவர்கள் நாடியது இயல்பே.

ஆகவே, நம் முன்னோர் மலாயாவில் உத்தியோகம் பெற்றமைக்கு அவர்களின் கெட்டித்தனம் மாத்திரமே காரணமென்று மார்தட்டிக் கொள்வது முழு உண்மையாகாது. கதவொன்று திறந்திருந்த நேரத்தில், அக்கதவுக்குப் பொருந்திய சாவி அவர்களின் கையில் இருந்தது. இதை மறவாதிருத்தல் பின்னே வருவதை விளங்கிக்கொள்ள உதவும்.

இரண்டு கடிதங்கள்

தைப்பிங்கிலிருந்து தெற்கே வந்து கோலாலம்பூரை அடைந்தோம். ஹபேக் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்து 1910ஆம் ஆண்டில் எழுந்த பழைய புகையிரத நிலையம், குவிமாடங்களும் வளைவுகளுமாக ஓர் அரண்மனையைப் போல நிற்கிறது. எதிரே 1917ஆம் ஆண்டில் எழுப்பிய புகையிரதத் தலைமையகம். இன்று பெரும்பாலான வண்டிகளும் பயணிகளும் சற்றுத் தெற்கேயுள்ள கே. எல். சென்ட்ரல் என்னும் பெருநிலையத்தையே நாடுகின்றனர். அது 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதை ஒட்டிக் கிடப்பதுதான் பிறிக்பீல்ட்ஸ்.

1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பின்னர், செங்கல்லால் வீடு கட்டும்படி கட்டளை பிறந்தது. அக்கற்களைச் சுட்ட சூளைகள் இப்பகுதியில் இருந்தமையாலேயே செங்கல் வயல்கள் என்னும் பொருள்பட இப்பெயர் வந்தது. பின்னர் புகையிரத இலாகா தன் ஊழியருக்காக இங்கே வரிசை வரிசையாகக் குடியிருப்புகளைக் கட்டியது. "நூறு குவார்ட்டர்ஸ்" எனப் பெயர்பெற்ற அவ்வீடுகள் நூறாண்டளவில் நிலைத்திருந்து, அண்மைக் காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டன. 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமம் நிற்கிறது. இலங்கையிலிருந்து சென்ற சிங்கள மக்கள் அமைத்த பௌத்த மகா விகாரை நிற்கிறது. நல்லூரை முன்மாதிரியாகக் கொண்டு இலங்கைச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் ஸ்கொட் வீதியில் நிற்கிறது. உத்தியோகம் தேடிச் சென்றவர்கள் முதலிலே வீடு பிடித்தனர். வீடு பிடித்த கையோடு கோயிலுக்கும் விகாரைக்கும் நிலம் தேடினர்.

அக்கோயில் வீதியிலே பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். எண்பது வயதைக் கடந்தவர். பிறிக்பீல்ட்ஸிலே பிறந்து, புகையிரத இலாகாவிலே பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நம் பேச்சைக் கேட்டதும் அருகில் வந்து, "ஊரிலே நீங்கள் எவ்விடம்?" என்று விசாரித்தார். அவர் ஊரிலே வாழ்ந்தது சிறுவயதில் சில மாதங்களே. எனினும் அவருக்கு ஊர் என்பது இன்னும் அதுதான்.

அவருடைய தந்தையார் 1920களில் வந்தவராம். "அப்பா பினாங்கிலே இறங்கினபோது அவருடைய பெட்டிக்குள்ளே இரண்டு கடிதம் இருந்தது," என்றார் பெரியவர். "ஒன்று, தலைமையாசிரியர் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம். மற்றது, எங்கடை ஊர்த் தாயொருத்தி இங்கே இருந்த தன் மகனுக்கு எழுதின கடிதம். 'தம்பி, இந்தப் பிள்ளையை உன்ரை சகோதரம் மாதிரிப் பார்த்துக்கொள்' என்று அதிலே எழுதியிருந்ததாம். முதற் கடிதம் அப்பாவைக் கந்தோர் வாசல் மட்டும் கொண்டுபோனது. அந்த வாசல் எங்கேயிருக்கு, எந்தத் துரையிட்டை எப்ப போகவேணும், என்ன கேட்பினம் என்றதெல்லாம் இரண்டாவது கடிதத்தாலே கிடைத்தது."

அந்த மகன் இருந்த வீட்டிலே ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்தார்களாம். அவர்களுள் ஐவருக்கே வேலை. வேலையுள்ள ஐவரின் சம்பளத்தில் ஒன்பது பேருக்கும் சோறு. புதியவர் வீட்டு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை கிடைத்ததும், அடுத்துக் கப்பலில் வரும் ஒருவருக்கு அவர் சோறு போடவேண்டும். எழுதி வைத்த சட்டம் அன்று அது; ஆயினும் எவரும் அதை மீறியதில்லையாம். தந்தையார் ஐந்து மாதம் காத்திருந்தார். இரவில் மேசையிலே கரண்டியால் தட்டித் தட்டித் தந்திச் சங்கேதத்தைப் பழகினார். காலையில் சந்தைக்குப் போய் மரக்கறி விற்கும் பெண்ணிடம் மலாய்ச் சொற்களைக் கற்றார். ஆறாம் மாதத்தில் காட்டோரச் சிறு நிலையமொன்றிலே பயிற்சியாளராக நியமனம் பெற்றார்.

"முதற் சம்பளத்திலே அரைவாசி ஊருக்கு; கால்வாசி அந்த வீட்டுக்கு; மிச்சம்தான் அவருக்கு," என்று பெரியவர் சொல்லி நகைத்தார்.

கையில் வளையமின்றி வண்டி நகராது

ஒற்றைப் பாதையிலே புகையிரதம் ஓடும் முறையை நம் மலைநாட்டில் கண்டிருப்பீர்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரே வேளையில் ஒரு வண்டியே செல்லலாம். அதற்கு அனுமதியாக ஒரு வில்லையையோ சாவியையோ வளையத்தில் மாட்டி, நிலைய அதிபர் சாரதியின் கையிலே கொடுப்பார். இரு நிலையத்தாரும் தம்முட் செய்தி பரிமாறி உடன்பட்டாலன்றி அது கருவியிலிருந்து வெளிவராது. எத்துணை வலிய இயந்திரமாயினும் அவ்வளையம் கைக்கு வராமல் நகர்தல் கூடாது. மலாயாவின் ஒற்றைப் பாதைகளிலும் இதே முறைதான் வழங்கியது. சிங்கப்பூரின் புக்கிட் திமா நிலையத்திலே 2011ஆம் ஆண்டு வரையும் அது கையாளப்பட்டது.

புதுநாட்டில் வேலை தேடுபவனுக்கும் இத்தகைய வளையமொன்று வேண்டியிருக்கிறது. அவனுடைய கல்வியும் உடல்வலுவும் இயந்திரம் என்றால், முன்னே நிற்கும் ஒருவர் "இவரை விடலாம்" என்று கொடுக்கும் அறிமுகமே அவ்வளையம். அதைக் கொடுக்க ஒருவர் இருந்தமையே நம்மவர் பெற்ற பெரும்பேறு.

ஆனால், அதே கடல்வழியிலே வந்த மற்றொரு தமிழ்க் கூட்டத்தாருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910ஆம் ஆண்டில் அம்முறை முடிவுற்ற பின்னர் கங்காணிகள் மூலமாகவும், பெருந்தொகையானோர் இறப்பர்த் தோட்டங்களுக்குச் சேர்க்கப்பட்டனர். உதவிச் செலவில் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938ஆம் ஆண்டில் தடைசெய்தது. அவர்களையும் வரவேற்க ஆள் இருந்தான். ஆனால் அவன் கடன் கணக்குப் புத்தகத்தோடு நின்றான். லயத்திலிருந்து கந்தோருக்குச் செல்லும் வழியை எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை. ஒரே மொழி பேசிய இலங்கை உத்தியோகத்தருள் பலர் அவர்களோடு நெருங்கிப் பழகாது விலகியே வாழ்ந்தனர் என்பதும் மறைக்கத் தக்கதன்று. தன் ஊரவனுக்குத் திறந்த கதவு அயலூரவனுக்கு மூடியிருந்தது. நம் முன்னோரின் ஒற்றுமையைப் பாராட்டும்போது அதன் எல்லையையும் பார்த்தல் வேண்டும்.

பெண்கள் கட்டிய வீடு

உத்தியோகம் நிலைத்த பின்னர் இளைஞர் ஊருக்கு வந்து மணமுடித்தனர். "மலாயா மாப்பிள்ளை"க்குச் சீதனச் சந்தையிலே இருந்த மதிப்பைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பதினேழு பதினெட்டு வயதிலே கப்பலேறிய அப்பெண்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்திலே முருங்கை நட்டனர், கறிவேப்பிலை வளர்த்தனர். ஊரிலிருந்து வரும் ஒடியலுக்காகவும் மிளகாய்த் தூளுக்காகவும் காத்திருந்தனர். முன்னே குறிப்பிட்ட அக்கூட்டு வீட்டின் வழக்கத்தைத் தனிக் குடும்பங்களில் தொடர்ந்து காத்தவர்களும் அவர்களே. ஊரிலிருந்து வந்த மைத்துனனோ, அயலவர் மகனோ, திண்ணையிலே பாயை விரித்து மாதக்கணக்காகத் தங்கியபோது, அளந்த அரிசியிலே அவனுக்கும் ஒரு பிடி சேர்த்தவர்களின் பெயர் எந்த இலாகா ஏட்டிலும் பதியப்படவில்லை.

அவ்வீடுகளிலே வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் வெளிவந்தனர். தந்தை செல்வா என நாம் போற்றும் செல்வநாயகம் 1898ஆம் ஆண்டில் ஈப்போவிலே பிறந்து, சிறுவயதிலே யாழ்ப்பாணம் வந்தவர். சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சர் இராஜரத்தினமோ 1915ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே பிறந்து, சிரம்பானிலே வளர்ந்தவர். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்கள் எழுவதற்கு முன்னின்ற ஆனந்த கிருஷ்ணன் 1938ஆம் ஆண்டில் பிறிக்பீல்ட்ஸிலே இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். 2024ஆம் ஆண்டில் காலமானார்.

கதவுகள் மூடியபோது

1942ஆம் ஆண்டு ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூரைக் கைப்பற்றினர். பெப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. காசுக்கட்டளை நின்றது, கடிதம் நின்றது. மூன்றரை ஆண்டுகளாக யாழ்ப்பாணத்து மனைவிமார் தாம் சுமங்கலிகளா அல்லவா என்று அறியாமலே பொட்டிட்டுக் கொண்டனர். சீயத்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் நீளத்துக்கு ஜப்பானியர் அமைத்த மரண இரயில் பாதை, தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை விழுங்கியது. தமிழர் வியர்வையால் எழுந்த இரும்புப் பாதையின் வரலாற்றிலே மிகக் கொடிய ஏடு அது.

போருக்குப் பின் மற்றொரு மாற்றம் மெல்ல மெல்ல வந்தது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி மலாயா சுதந்திரமடைந்தது. அந்நாட்டின் மக்களே தம் அரசாங்கப் பணிகளில் முதலிடம் பெற விரும்பியது நியாயமே. 1967ஆம் ஆண்டில் மலாய் மொழியே ஆட்சிமொழியாகச் சட்டத்தில் நிலைபெற்றது. 1970 முதல் ஆங்கிலப் பாடசாலைகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. ஆங்கிலம் என்ற சாவி பழைய பூட்டுக்கு மாத்திரம் உரியதாயிற்று. அரசாங்க உத்தியோகத்தையே வாழ்வின் ஒரே வழியாக எண்ணிய குடும்பங்கள் திகைத்து நின்றன. மரக்கறிச் சந்தையிலே மலாய் பயின்ற தந்தையின் வழியைப் பின்பற்றி, நாட்டின் மொழியை நன்கு கற்ற பிள்ளைகள் கரைசேர்ந்தனர். இலங்கையிலும் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இதையொத்த திகைப்பை நம் லிகிதர்களின் வீடுகளிலே உண்டாக்கியதை நாம் அறிவோம்.

இன்றைய பிறிக்பீல்ட்ஸில்

பிறிக்பீல்ட்ஸின் ஒரு பகுதி 2010ஆம் ஆண்டில் "லிட்டில் இந்தியா" என அலங்கரிக்கப்பட்டது. வண்ண வளைவுகளின் கீழே பூக்கடையும் புடைவைக் கடையும் பொலிகின்றன. அங்குள்ள உணவுச்சாலைகளில் நமக்குத் தோசை கொண்டுவந்து வைத்த இளைஞர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கட்டிட வேலைகளிலோ வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் உழைக்கின்றனர். இத்தகைய தொழிலாளருக்கு வழங்கப்படும் வேலை அனுமதி குறித்த ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. அவர் கெட்டவராயின், வேறிடம் செல்வது எளிதன்று. வருமுன்னரே தரகனுக்குக் கொடுத்த பணத்துக்காக வீட்டு நகையையும் நிலத்தையும் ஈடுவைத்தோர் பலர்.

கோயிலின் புறவீதியிலே மற்றோர் இளைஞனையும் கண்டோம். நம்மூர்ப் பேச்சு. போரின் பின் நாட்டைவிட்டு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. ஆகவே நெடுங்காலமாக, அகதிகளுக்கு அங்கே சட்டப்படி உழைக்கும் உரிமை இருந்ததில்லை. நாட்கூலிக்குக் கிடைத்த வேலையைச் செய்து, கூலி கொடாதவனிடம் முறையிடவும் இயலாது வாழ்ந்த தன் ஆண்டுகளை அவன் தாழ்ந்த குரலிலே கூறினான். அவனுடைய தாயின் ஊரும் நம் பெரியவரின் ஊரும் ஒன்றேயென்று பேச்சிலே தெரியவந்தது. இரண்டு கடிதங்களோடு வந்தவரின் மகன், ஒரு கடிதமுமின்றி வந்தவனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "தம்பி, நாளைக்கு வீட்டுக்கு வா. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்," என்றார். அவன் தலையசைத்தான். அரசாங்கம் கொடுக்கவேண்டிய உரிமையை ஒரு வேளைச் சோறு கொடுத்துவிட முடியாது. ஆயினும் அந்த இளைஞனின் முகத்திலே அதுவரை காணாத ஒரு தெளிவைக் கண்டோம்.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் குடியேறினர். பட்டதாரிகள் உணவுச்சாலைகளிலே கோப்பை கழுவினர். ஆசிரியர்கள் அதிகாலைக் குளிரிலே பத்திரிகை விநியோகித்தனர். மலாயாவுக்குப் போனவனை அங்கிருந்த வேலை அழைத்தது; இவர்களோ உயிரைக் காத்துக்கொண்டு முதலிலே போய்ச் சேர்ந்து, பின்னர் வேலையைத் தேடினார்கள். காலம் வேறு, வழி வேறு. எனினும் அங்கேயும் முதல் இரவிற்குப் பாய் விரித்துக் கொடுத்த ஒரு வீடும், முதல் வேலைக்கு அழைத்துச் சென்ற ஓர் ஊரவரும் பெரும்பாலோரின் கதையிலே இருக்கின்றனர்.

புறப்பட எண்ணும் மாணவர்கள் மூன்று விடயங்களை மனதிற் கொள்வது நலம். செல்லும் நாட்டின் மொழியை இங்கிருக்கும்போதே கற்கத் தொடங்குங்கள். ஆங்கிலம் எங்கும் போதும் என்ற நம்பிக்கை மலாயாவிலே பொய்த்ததைக் கண்டோம். தரகரிடம் பணம் கொடுக்குமுன், அவர் 1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்று விசாரியுங்கள். வேலை ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

ஏற்கெனவே போய்ச் சேர்ந்து, கால் ஊன்றியவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் உத்தியோகத்தின் தொடக்கத்திலே யாரோ ஒருவர் உங்களுக்கு வழிகாட்டியிருப்பார். அக்கடனை அவருக்கே திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்து வருபவனிடமே கொடுக்கமுடியும். வருபவன் உங்கள் ஊரவனாகத்தான் இருக்கவேண்டும் என்பதுமில்லை. பழைய கூட்டு வீட்டின் வழக்கத்திலே நம் முன்னோர் விட்ட குறை அது ஒன்றே. அதை நிரப்பிக்கொள்ள இன்றைய தலைமுறையால் இயலும்.